கடைசிப் பாட்டிலிருந்து என் குரலை எடுத்த மகனுக்கு

மகன், நீ ஒஹாயோவுக்குக் குடிபோன பிறகு எடுத்த முதல் நீண்ட போனில் குளிர், சாப்பாடு, வாடகை எல்லாம் கதைத்து முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் ஒரு செய்தியைப் போகிறபோக்கில் சொன்னாய். "அம்மா, 'வின்ரர் ரயர்ஸ்' றெக்கோட்டைக் கொம்பனி திரும்ப அடிக்குது. கடைசிப் பாட்டில உங்கட அழுகையை நான் எடுத்திட்டன். இட்ஸ் ஓகே நவ். இனி ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்." நான் அப்போது ஸ்கார்பரோவில் மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு பாடசாலை வாசலில் பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு மணி அடிக்கக் காத்திருந்தேன். மணி அடித்தது, பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "ம், பிறகு கதைக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த "ம்" சம்மதம் என்று நீ நினைத்திருந்தால் பிழை. கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸோடு திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தமாகத் திட்டினேன். உன்னைத்தான் திட்டினேன்.

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். நம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் என் குரலைப் பற்றி எல்லாரும் கதைத்து முடித்துவிட்டார்கள். வோபர்னில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது முன்பின் தெரியாத ஒரு அன்ரி வந்து, "நீங்களோ பிள்ளை அந்தப் பாட்டில அழுத ஆள்?" என்று கேட்டார். ஊர் முழுவதும் பேசிய விஷயத்துக்கு மூடிய உறைக்குள் பதில் சொல்ல என்னால் முடியாது. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். சனிக்கிழமை வகுப்பில் படித்ததை வைத்து மெதுவாக வாசி. யாரிடமும் கொடுத்து ஆங்கிலத்தில் சுருக்கிக் கேட்காதே. நீ இதுவரை அறியாத ஒன்று இதில் இருக்கிறது, சுருக்கினால் முதலில் காணாமல் போவது அதுதான். இசைத்தட்டு அச்சுக்குப் போக இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்று நீயே சொன்னாய். அதற்குள் வாசித்து முடி, ஏனென்றால் என் குரலை நீ திரும்பப் போட வேண்டும். எதற்காக என்று சொல்கிறேன்.

உன் இசைக்குழுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அவர்கள் போட்ட எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டவள் நான். வெட் மிற்றன்ஸ். ஈரக் கையுறைகள். நீ சேர்வதற்கு முன்பே, மூடிப்போன தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு அமெரிக்கச் சிற்றூரில் நாலு பொடியன்கள் சேர்ந்து வைத்த பெயர். அந்தப் பெயரை நீ முதல்முதலில் சொன்னபோது உன் சீலன் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, இஞ்ச பாரன், நனைஞ்ச கையுறையாம். காய்ஞ்சது கிடைக்கேல்லையோ இவங்களுக்கு?" என்றான். ஆனாலும் அவனுடைய வான் வண்டியில்தான் நீ அந்த முதல் கசற்றைப் போட்டுத் தேய்த்தாய். 'காருக்கு மன்னிக்கவும்' என்று பொருள் வரும் ஏதோ ஒரு பெயர். யாரோ ஒருவரின் வீட்டு நிலவறையில், உடுப்புக் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் அந்த இயந்திரம் சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்கும். "உதுதான் அக்கா இந்தக் கசற்றிலேயே தாளம் பிசகாத சாமான்" என்பான் சீலன். நீ கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

அதற்குப் பிறகு வந்தது முழு இசைத்தட்டு. அதன் பெயர் பஸ் நேர அட்டவணை மாதிரி நீளம். எல்லார் வீட்டிலும் அப்பா அம்மா இருக்கிறார்கள், போக ஓர் இடமில்லை என்று அர்த்தம் வரும். அதைக் கேட்டுத்தான் எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பத்துப் பாட்டு, பத்திலும் ஒரு பெட்டைப்பிள்ளை போன் எடுக்கவில்லை. கேலெப் என்ற அந்தப் பாடகன் தொண்டை கிழியக் கத்துகிறான், நீ உன் அறையில் அவனோடு சேர்ந்து கத்துகிறாய். நான் கதவைத் தட்டி, "அவள் போன் எடுக்காட்டி விடன்டா, ஏன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்டேன். "அம்மா, யூ டோன்ட் கெட் இற்" என்றாய். உண்மைதான், எனக்கு அப்போது பிடிபடவில்லை. சண்டை நடக்கிற ஊரிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்து, அழுதால் அடுத்த அபார்ட்மென்ற்காரன் சுவரில் தட்டுவான் என்று தலையணையில் முகத்தை வைத்து அழப் பழகியவள் நான். ஒரு பிள்ளை போன் எடுக்காததற்கு இப்படிக் கத்தலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

இரண்டாவது இசைத்தட்டுக்கு அவர்களைப் பெரிய கொம்பனி ஒன்று பிடித்துக்கொண்டது. வயலின் எல்லாம் வைத்து, கேலெப்பின் தொண்டையை மினுக்கி, கத்துகிற இடங்களை எல்லாம் பாட வைத்தார்கள். எனக்கு அதுதான் கேட்க இதமாக இருந்தது. உங்கள் ஆட்களுக்கோ அது துரோகம். அது விற்கவில்லை, கொம்பனி கைவிட்டது, குழு உடைந்தது. கேலெப் ஒரு சுப்பர்மார்க்கற்றில் பெட்டி அடுக்கப் போனான், டிரம்ஸ் அடித்தவன் கூரை போடப் போனான். இதை நீ எனக்கு ஒரு மரண அறிவித்தல் மாதிரிச் சொன்னாய். அன்றைக்குத்தான் அந்தப் பொடியன்களில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. அவர்களும் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். நம்மிலிருந்து வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் வேலைக்குப் போகுமுன் கொஞ்சக் காலம் கத்திப் பார்த்திருந்தார்கள்.

பிறகு நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் மீண்டும் சேர்ந்தபோது பழைய கிற்றார்காரன் வரமாட்டேன் என்றான். அவனுடைய குழப்பமான சுருதியில் அவர்களுடைய பாட்டுகளை எல்லாம் வாசித்து நீ வீடியோ போட்டிருந்தாய். கேலெப் அதைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டான். நீ கல்லூரியை விட்டாய், நான் வீட்டை இரண்டாக்கினேன். அப்பா லொறியோடு மனிற்ரோபாவில் நின்றுகொண்டு "அவனையே கேள்" என்று போனில் நழுவினார். சீலன்தான் வந்து குசினி வாசலில் நின்று, "விடு அக்கா. எங்கட குடும்பத்தில ஒருத்தனாவது காசு வாங்கிக்கொண்டு சத்தம் போடட்டும்" என்றான். நீ பதினாலு வயதில் தேவாலய மண்டபங்களில் நடந்த கச்சேரிகளுக்குப் போனபோதும், வெளியே வானுக்குள் குறட்டை விட்டுக்கொண்டு காத்திருந்தவன் அவன்தான். கார்களுக்குச் சில்லு மாற்றும் அவனுடைய வேலையின் பெயரைத்தான் நீங்கள் மூன்றாவது இசைத்தட்டுக்கு வைத்தீர்கள். குளிர்கால ரயர்கள். உங்கள் குழு வைத்த பெயர்களில் எனக்கு உடனே விளங்கியது அது ஒன்றுதான்.

இனி அவனுடைய சாவைப் பற்றி எழுதப்போகிறேன். இதில் பாதி உனக்குத் தெரியாது. முதல் பனி கொட்டினால் ரொறொன்ரோ முழுவதும் ஒரே நாளில் ரயர் மாற்ற ஓடும் என்பது இங்கே எல்லாரும் அறிந்தது. அன்று சீலன் வேலை செய்த ரயர் கடை வாசலில் கார்கள் வீதி வரைக்கும் நின்றன. காலையிலேயே நெஞ்சுக்குள் ஏதோ அமர்த்துகிறது என்று அவன் முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். "இந்த வரிசையை முடிச்சிட்டுப் போ சீலன், ஆள் இல்லை" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அவன் முடித்தான். முடித்துவிட்டு காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழும்பவில்லை. இதை எனக்குச் சொன்னவர் அவனோடு வேலை செய்த ஒருவர். இந்த நாட்டில் இருக்க அவருக்கு இன்னும் சரியான அனுமதி கிடைக்கவில்லை, அதனால் வெளியில் சொல்ல முடியாது. உடலைப் பார்வைக்கு வைப்பதற்கு முதல் நாள் வீட்டுக்கு வந்து, வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று, "அக்கா, நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றார். இன்றும் அவர் பெயரை நான் சொல்லமாட்டேன்.

மலர்ச்சாலையில், பெட்டியை வைத்திருந்த மண்டபத்தில், நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ பார்த்தது வேறு, நடந்தது வேறு. நம் ஆட்களின் செத்தவீடு இப்போது ஒரு நிகழ்ச்சி. மேடை, மைக், அறிவிப்பாளர், லண்டனுக்கும் பாரிசுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரலை. அதை நான் குறை சொல்லவில்லை, விசா கிடைக்காதவர்கள் பார்க்கத்தான் வேண்டும். உன் பெரியப்பாதான், என் அக்காவின் புருஷன், எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். முதல் வரிசையில் ரயர் கடை முதலாளி இருந்தார். ஊர்ச்சங்கம் காசு சேர்க்க வைக்கும் விருந்துக்கு வருடா வருடம் கைகொடுக்கிறவர், அத்தான் தலைவராக இருக்கிற அதே சங்கம். அவர் பெரிய மலர்வளையம் கொண்டு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதார். உண்மையாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன். அழுது முடித்து அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்தார்.

அவர் வளையத்தை வைத்துவிட்டுத் திரும்பியபோது நான் எழும்பினேன். ஒப்பாரி சொல்ல எனக்கு யாரும் பழக்கவில்லை. ஸ்கார்பரோவில் வளர்ந்தவள், பஸ் ஓட்டுகிறவள். ஆனால் பெட்டியைப் பிடித்ததும் சொல்லாக வந்தது. நீ பின்வரிசையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அம்மா அழுகிறாள் என்று நினைத்தாய். நான் சொன்னது இது:

ஊருக்கெல்லாம் சில்லு மாத்தி
உன்ர மூச்சை மாத்த ஆளில்லையோ ராசா
பனி கொட்ட முன்னம் பாதை செய்தாய்
உன்னை ஆரடா பாதையில விட்டது
நோகுதெண்டு நீ சொல்ல
வரிசையை முடியெண்டு சொன்னவரே
வளையம் கொண்டு வந்தீரே
வாய்க்குத் தண்ணி குடுத்தீரோ

விளங்கியதா மகன்? மெதுவாகத் திரும்ப ஒருமுறை வாசி. அது அழுகை மட்டும் இல்லை. அந்த மண்டபத்தில், அவருடைய முகத்துக்கு நேரே, எல்லார் முன்னிலையிலும் நான் கேட்ட கேள்வி. எங்களுடைய பெண்களுக்குப் பொது இடத்தில் ஒருவரைக் கேள்வி கேட்க ஒரே ஒரு மேடைதான் விடப்பட்டிருந்தது, செத்தவனின் தலைமாடு. அங்கே நின்று எதைச் சொன்னாலும் துக்கம் என்று பொறுத்துக்கொள்வார்கள். நாங்கள் ரொறொன்ரோவுக்கு வந்தபோது அந்த உரிமை விமானத்தில் ஏற்றப்படவில்லை போல. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "தயவு செய்து உறவினர்கள் அமைதி காக்கவும், பக்கத்து அறையில் வேறொரு குடும்பத்தின் நிகழ்வு நடக்கிறது" என்றார். அக்கா என் பெயரைச் சொல்லி அதட்டி, தோளைப் பிடித்து அமர்த்தினாள். அத்தான் காதுக்குள் குனிந்து, "பிள்ளை, நேரலை போகுது. லண்டனில எல்லாரும் பாக்கினம்" என்றார். பாக்கட்டும் என்றுதானே கேட்டேன்!

பிறகு தெரியவந்தது லண்டனில் யாரும் கேட்கவில்லை என்று. என் தம்பியின் செத்தவீட்டு வீடியோ இன்றும் இருக்கிறது, பார். நான் வாய் திறக்கிற இடத்தில் ஒரு குத்துவிளக்குப் படம் வரும், பின்னால் புல்லாங்குழல் வாசிக்கும். யாரோ ஒலியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். படம் திரும்ப வரும்போது நான் இருக்கையில் இருக்கிறேன், அடக்கமான பெண்ணாக. என் கேள்வி உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிஞ்சியது, உன்னுடைய போனில்.

அதை நீ என்னிடம் கேட்காமல் பாட்டில் போட்டாய். நீங்கள் ரொறொன்ரோவில் வாசித்த அன்றுதான் எனக்கே தெரியும். மண்டபத்தின் கடைசியில், என் வயதுக்கு ஒருவரும் இல்லாத கூட்டத்தில் நான் நின்றேன். கடைசிப் பாட்டுக்கு விளக்கை அணைத்தீர்கள். இருட்டுக்குள் என்னுடைய குரல் வந்தது. உன்னைப் பிடித்து அறைய வேண்டும் போல இருந்தது, அதை ஒளிக்கவில்லை. அப்போது எனக்கு முன்னால் நின்ற ஒரு நெட்டைப் பொடியன், தாடி வைத்தவன், குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினான். பக்கத்தில் நின்றவன் அவனைக் கட்டிப் பிடித்தான். மண்டபம் முழுவதும் கேலெப்போடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்தியது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மைக்கைப் பிடித்து அமைதி காக்கச் சொல்ல ஒருவரும் வரவில்லை. பெட்டை போன் எடுக்காததற்கு அழ இவ்வளவு பேருக்கு இவ்வளவு பெரிய மண்டபம் இருக்கிறது, கதவில் காவலுக்கு ஆள் நின்று அவர்களைப் பத்திரமாக அழ விடுகிறார். என் தம்பிக்கு அழ எனக்கு ஒரு பாட்டின் நீளம்கூடத் தரவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கோபம் அந்தப் பிள்ளைகளில் இல்லை. அவர்கள் நல்லாக அழட்டும்.

காரில் வரும்போது நீ, "அம்மா, ஆர் யூ மாட்?" என்று கேட்டாய். "சாப்பிட்டியோ?" என்று நான் கேட்டேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. கேட்காமல் போட்டது பிழை என்று அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் நீ எடுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். எடுப்பதை நான் விரும்பவில்லை.

உங்கள் ஆட்களிலும் எனக்குக் கோபம் உண்டு, சொல்லாமல் விடமாட்டேன். கேலெப் ஒரு நேர்காணலில் அந்தக் குரலை ஒரு "புராதனப் புலம்பல்" என்றான். எனக்கு நாற்பத்து நாலு வயது. நான் புராதனம் இல்லை. நம் வீட்டு நிலவறையில் படுத்து, நான் சுட்ட தோசையைத் தின்று, "தாங்க் யூ, மாம்" என்று சொல்லிவிட்டுப் போன பொடியனுக்கு அது யாருடைய குரல் என்று நன்றாகத் தெரியும். இசைத்தட்டின் உறையில் டிரம்ஸ் அடித்தவன் பெயர் இருக்கிறது, ஒலி சரிபார்த்தவன் பெயர் இருக்கிறது, கோப்பி வாங்கிக் கொடுத்தவனுக்குக்கூட நன்றி இருக்கிறது. என் குரலுக்கு நேரே இருப்பது 'ட்ரடிஷனல்' என்ற ஒரு சொல். மரபாம். எந்த மரபில் ரயர் கடை வருகிறது? எவருடைய மரபில் சீலனுக்கு நெஞ்சு நொந்தது? அந்தச் சொற்களை அன்று, அந்த இடத்தில், பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான்தான் கட்டினேன். நீயும் அந்த உறையைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாய். ஒரு பெண் சொன்னது யாருக்கும் விளங்காத மொழியில் இருந்தால், அவள் பெயரும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. மகன், இனி எங்கே வாழப் போனாலும், உனக்கு விளங்காத மொழியில் ஒருவர் அழுதால் முதலில் என்ன சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள். பிறகு கிற்றாரை எடு.

சொந்தக்காரர் கதைக்கு வருகிறேன். உன் பெரியப்பாவின் மகள் ஒருத்தி அந்தப் பாட்டைக் கேட்டு என் குரலைக் கண்டுபிடித்து வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு ரூஜில் அத்தான் வீட்டில் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்கள்.

"பிள்ளை, உன்ர மகன் செய்தது சரியோ?" என்றார் அத்தான். "செத்தவீட்டைக் கொண்டுபோய் வெள்ளையளுக்குப் பாட்டா வித்திருக்கிறான்."

"அவன் பாட்டாக்கினவன் அத்தான். நீங்கள் புல்லாங்குழலாக்கினியள்."

"உனக்கு எப்ப பாத்தாலும் வாய்" என்றாள் அக்கா.

"வாய் இருந்தபடியால்தான் அண்டைக்கு அழுதனான்."

அத்தான் குரலைத் தணித்தார். "நான் ஒண்டும் கோவத்தில சொல்லேல்லை. அந்த மனிசன் சங்கத்துக்கு எவ்வளவு செய்திருக்கிறார். அவற்ற பிள்ளையள் உந்தப் பாட்டைக் கேட்டால் என்ன நினைக்குங்கள்?"

"அப்ப நான் என்ன சொன்னனான் எண்டு உங்களுக்கு விளங்கினது" என்றேன்.

அவர் கோப்பையை என் பக்கம் தள்ளி, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார்.

விளங்கியது, மகன். எல்லாருக்கும் விளங்கியது. பக்கத்து அறை வெள்ளைக்காரருக்காக அவர்கள் என்னை நிறுத்தவில்லை. முதல் வரிசைத் தமிழருக்காக நிறுத்தினார்கள். அவரைப் பகைத்தால் விருந்து நடக்காது, விருந்து நடக்காவிட்டால் ஊரில் பாடசாலைக்குக் கூரை போட முடியாது. இப்படி ஒரு நல்ல காரணம் எப்போதும் யாரிடமாவது தயாராக இருக்கும். கூரை தேவைதான். அதற்காக என் தம்பிக்கு மூச்சு விட அரை நாள் கொடுத்திருக்கக்கூடாதா? ஒரு பேச்சை அமர்த்தும்போது, "எல்லாற்ற நன்மைக்கும்தான்" என்று யாரும் சொன்னால், அந்த "எல்லாரும்" யார் என்று எண்ணிப் பார். அநேகமாக அது முதல் வரிசை மட்டுமாக இருக்கும்.

நீ என் குரலை ஏன் எடுத்தாய் என்று பிறகு மெசேஜில் கேட்டேன். "பெரியப்பா போன் எடுத்தவர். நீங்கள் வெளியில தலை காட்டேலாமல் அழுதுகொண்டு இருக்கிறியளாம். ஐ ஃபெல்ற் சோ பாட், அம்மா" என்று எழுதினாய். அதை வாசித்தபோது உன்மேல் இருந்த கோபத்தில் பாதி இறங்கிற்று. மற்றப் பாதி அப்படியே இருக்கிறது. தலை காட்ட முடியாமலா? நான் தினமும் காலையில் உலகத்திலேயே மஞ்சளான வாகனத்தை ஸ்கார்பரோ முழுவதும் ஓட்டிக்கொண்டு திரிகிறேன். நீ பெரியப்பா சொன்னதை நம்பினாய், எனக்கு ஒரு போன் எடுக்கவில்லை. உனக்கு என்மேல் அன்பு இருக்கிறது, நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அன்று என் தோளைப் பிடித்து அமர்த்திய அக்காவுக்கும் என்மேல் அன்புதான். அன்பாகத்தான் அமர்த்தினாள். எவ்வளவு அன்பாக அமர்த்தினாலும் வாய் மூடித்தான் போகிறது. அந்த வீடியோக்காரன் செய்ததைத்தான் நீயும் செய்திருக்கிறாய், மகன். அவன் என் குரலுக்கு மேலே வேறு சத்தத்தைப் போட்டான், நீ கத்தரித்தாய். உன்னிடம் இருக்கிற மூலப் பதிவு ஒரு பழைய போனில். அது போனால் என் கேள்வியும் போய்விடும்.

ஆகவே நான் சொல்வதைச் செய். என் குரலைத் திரும்பப் போடு. முதல் தடவை போட்டதுபோல அழகான இடத்தில் மங்க வைத்துக் கிற்றாரைக் கொண்டு வராதே. வளையத்தைப் பற்றிச் சொல்லுகிற வரிக்கு முன்னமே நீங்கள் அதை மங்க வைத்துவிட்டீர்கள். விளங்காமல் செய்தீர்கள், ஆனாலும் செய்தீர்கள். முழுவதையும் போடு. அறிவிப்பாளர் அமைதி கேட்பதும் இருக்கட்டும், அக்கா என் பெயரைச் சொல்லி அதட்டுவதும் இருக்கட்டும். சொற்களைத் தமிழில் உறையில் அச்சடி, பக்கத்தில் உங்கள் மொழியிலும் போடு. மொழிபெயர்ப்பை நான் செய்து தருகிறேன், கேலெப்பிடம் விட்டால் அவன் அதில் நிலவைக் கொண்டு வந்துவிடுவான். பாட்டு நீண்டுவிடும், இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது என்று கொம்பனி சொன்னால், போன் எடுக்காத பெட்டையின் பாட்டு ஒன்றைக் குறைக்கச் சொல்லு.

பின்விளைவு இருக்கும். பெரியப்பா உன்னோடு கதைக்கமாட்டார், அக்கா என்னோடு கதைக்கமாட்டாள், அடுத்த கலியாணவீட்டில் எனக்கு எந்த மேசை கிடைக்கும் என்று தெரியாது. முதலாளி வக்கீலிடம் போகலாம். நான் யோசிக்காமல் எழுதவில்லை. அவர் பெயரை நான் அன்றும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. நான் கேட்டது ஒரு கேள்வி. பதில் இருந்தால் அவர் வந்து சொல்லலாம், நானும் மனுஷிதான், கேட்பேன். இவ்வளவு காலமாக அவர் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதாகவே பதிவில் இல்லை.

மிஞ்சுவது அந்த 'ட்ரடிஷனல்'. அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரைப் போடு. உன்னுடைய அம்மா என்று போடாதே, என் பெயரைப் போடு. எத்தனை எழுத்து, அப்பாவின் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்று உனக்குக் குழப்பம் இருக்கும். நீ பிறந்த நாளிலிருந்து நான் உனக்கு அம்மா மட்டும்தானே. அதனால் இதை வாசித்து முடித்ததும் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் எடு. என் குரலைப் போட்டபோதும் நீ என்னைக் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. என்னுடைய பதில் ஓம், சம்மதம்தான், அது உனக்கு இப்போது தெரியும். தெரிந்துகொண்டே கேள்.